முப்பத்திரண்டு பல் நாய்

ஜூன் 9

கால்நடை மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். பல் வைத்தியனுக்கு அது அழகல்ல. இனிமேல் எழுதுவேன். நீங்கள் போன் செய்தால் எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் எதிராளி 'சரி' என்று சொல்லிவிட்டுத்தான் கீழே வைக்க முடியும். எழுத்தில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது.

புதிய பாடத்திட்டத்தின் நகலை ஒருவர் எனக்கு அனுப்பிவைத்தார். யார் என்று தேட வேண்டாம். உங்களைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர், தேடினால் களைத்துப்போவீர்கள். அதில் விலங்குகளின் பல் மருத்துவம் என்ற பாடமே இல்லை. அறுவைச் சிகிச்சைப் பாடத்தில், கொம்பு நீக்குவதற்கும் குளம்பு சீவுவதற்கும் நடுவில், 'பற்கள்: ஒரு மணி நேரம்' என்று ஒரு வரி இருக்கிறது.

மொத்தப் படிப்பிலும் ஒரு மணி நேரம். நம் பட்டதாரி வெளியே போய்ப் பார்க்கப்போகும் நாய்களில் முக்கால்வாசிக்கு வாயில்தான் நோய் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவனுக்கு என்ன கிடைக்கும்? பல் சூத்திரம் கிடைக்கும். எந்த மிருகத்துக்கு எந்தத் தாடையில் எத்தனை பல் என்று ஒப்பிப்பான். மதிப்பெண் வாங்குவான். வாயைத் திறந்து பார்க்க மாட்டான்.

நான் அங்கே இருந்தபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. தங்கப் பதக்கம் வாங்கிய ஒருவர், பண்ணை ஒன்றில் பசுவைப் பரிசோதித்து, 'மேல்தாடை முன்பற்கள் எல்லாமே விழுந்துவிட்டன, மாடு கிழடு' என்று எழுதிக் கொடுத்தார். பசுவுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது. அது அவருக்கும் தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்தான். தாளில் தான் போட்ட பூஜ்யமும் கண்முன்னால் இருக்கும் வெறும் ஈறும் ஒன்று என்று அவருக்கு உறைக்கவில்லை. பண்ணைக்காரர் படித்தவர் பேச்சை நம்பி மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார். இளம் மாடு.

அதற்குப் பிறகுதான் நான் சண்டை போட்டுப் பல் வகுப்புக்கென்று ஒரு தனி அறையை வாங்கினேன். முதல் வகுப்பில் என் மாணவர்கள் டார்ச்சை வைத்துப் பக்கத்தில் இருப்பவன் வாயைப் பார்த்து ஒவ்வொரு பல்லாகக் குறிக்க வேண்டும். வெட்கப்பட்டார்கள், சிரித்தார்கள், ஒருத்தி மயங்கியே விழுந்தாள். ஆனால் அதற்கப்புறம் அவர்களில் ஒருவன்கூட ஒரு மிருகத்தை வாய் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

நீங்கள் முதல்வர் ஆனதும் செய்த முதல் காரியம், அந்த அறையை விருந்தினர் ஓய்வறை ஆக்கியது. குதிரைப் பல் தேய்க்கும் அரங்களும், வாயைத் திறந்து பிடிக்கும் கருவிகளும் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போயின. மேஜை இருந்த இடத்துக்கு சோபா வந்தது. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அன்று மாலைக்குள் ஏற்றுக்கொண்டீர்கள். வேறெந்தக் காகிதமும் உங்கள் மேஜையில் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

பாடத்தைத் திரும்ப வையுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. நான் திரும்பி வருவதாகவும் சொல்லவில்லை.

அறுவைச் சிகிச்சைத் துறையின் முன்னாள் இணைப் பேராசிரியர்


ஜூன் 20

மச்சான்,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'அவர்கள்' ஆனேன்? ஹாஸ்டலில் என் கட்டிலில் பாதி உன் புத்தகத்துக்குத்தானே போனது. உன் தங்கை உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "அண்ணன் எழுதினதா இது, வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கே" என்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்க எனக்குப் பேச்சும் இல்லை, சோறும் ஒழுங்காக இல்லை. உனக்குத் திருப்திதானே.

பாடத்திட்டத்தை நான் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. கால்நடை மருத்துவக் கவுன்சில் பாட நேரத்தைக் குறைக்கச் சொன்னது. எதைக் குறைப்பது? கோழியில் கை வைத்தால் கோழித் துறைக்காரர் என் அறை வாசலில் உட்கார்ந்துவிடுவார். பாலில் கை வைத்தால் மேலிடத்திலிருந்து போன் வரும். பல்லுக்கு யார் இருக்கிறார்கள்? நீ இருந்தாய். போய்விட்டாய். கேட்க ஆள் இல்லாத பாடம்தான் முதலில் போகும். எந்த ஆபீஸிலும் இதுதான் நடக்கும்.

துரத்தியதுபோல எழுதுகிறாய். நடந்தது என்ன? ஆசிரியர் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும், "நாலு கால் இருக்கிறதிலேயே நம்ம முதல்வருக்குப் பிடிச்சது நாற்காலி ஒண்ணுதான்" என்றாய். இன்றுவரை பசங்க என்னை 'நாற்காலி' என்றுதான் சொல்கிறார்கள். கழிவறைச் சுவரில் படமே வரைந்திருக்கிறான் ஒருத்தன், கைப்பிடியில் என் கண்ணாடியை மாட்டி. அதற்கு அப்புறமும் உன் ராஜினாமாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் கெஞ்ச வேண்டும் என்றால், நானும் மனுஷன்தான்.

நல்ல செய்தி ஒன்று. பாப்பா கல்லூரியிலேயே முதலாவதாகத் தேறிவிட்டாள். தங்கப் பதக்கம். கடைத்தெருவில் ஒரு அறை பிடித்து நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். போர்டில் பெயருக்குப் பின்னால் தங்கப் பதக்கம் என்று போடலாமே என்றேன். "அப்பா, நகைக்கடைன்னு நினைச்சு வந்துருவாங்க" என்கிறாள். வாய் மட்டும் உன்னைப் போல.

ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. பல்லைப் பற்றிப் பேசாமல் சாப்பிடலாம்.

உன் மாப்பிள்ளை


ஜூலை 2

முதல்வர் அவர்களுக்கு,

சாப்பிட வருவதாக இல்லை. தங்கை மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அது வேறு. அந்த அறையை நீங்கள் காலி செய்த வாரம் அவள் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அவளிடமே ஒருநாள் கேட்டுக்கொள்வேன்.

இந்தக் கடிதம் பாப்பாவைப் பற்றியது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். முதல் மாணவி என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவளைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதுவரை ஒரு பல்லாவது பிடுங்கியிருக்கிறாளா? யாராவது பிடுங்குவதைப் பக்கத்தில் நின்றாவது பார்த்திருக்கிறாளா?

நான் இங்கே டயர் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். நாயைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். ஏறி வந்தவர்கள் போர்டைப் பார்த்துவிட்டு, "நாய்க்குப் பல் டாக்டரா, அப்ப பிரஷ் யார் பிடிக்கிறது?" என்பார்கள்.  எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துக் காட்டுவேன். சிரிப்பு நின்றுவிடும். ஏனென்றால் சின்ன ஜாதி நாய்க்கு வயதாகி ஈறு அழுகிவிட்டால், கீழ்த்தாடை எலும்பு உள்ளுக்குள் கரைந்து முட்டை ஓடு போல ஆகியிருக்கும். கடைவாய்ப் பல்லின் வேர் மட்டும் தாடையின் அடிவிளிம்புவரை இறங்கி நிற்கும். வெளியே பல் ஆடும். ஆடுகிற பல் லேசாக வந்துவிடும் என்று கை நினைத்துக்கொள்ளும். படம் எடுக்காமல் குறடு போட்டால் பல்லோடு தாடையும் வரும்.

இதை நான் ஒவ்வொரு ஆண்டும் மூன்றாவது வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். இப்போது சொல்ல ஆள் இல்லை. ஒரு மாதம் அவளை என்னிடம் அனுப்புங்கள். யார் மகள் என்று கேட்காமல் சொல்லிக் கொடுக்கிறேன். அனுப்ப உங்களுக்கு மனம் வராது என்பதும் தெரியும். கேட்கவில்லை என்ற பேச்சு பின்னால் வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பழைய ஆசிரியன்


அக்டோபர் 14

மச்சான்,

இதைக் கொண்டுவருபவர் கல்லூரி டிரைவர். படித்துவிட்டு அவரிடம் சரி என்று மட்டும் சொல்லி அனுப்பு. நாளைக் காலையில் உன் இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

தட்டச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. தனி ஆள். ஒரு சின்ன வெள்ளை நாய், வயதானது. வாய் நாறுகிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது என்று பாப்பாவிடம் கொண்டுவந்தார். மயக்க மருந்து கொடுத்து ஆடுகிற பல்லைப் பிடுங்கியிருக்கிறாள். நீ எழுதியிருந்த அதே இடம். தாடை உடைந்துவிட்டது.

அந்த அம்மா கத்தவில்லை. வழக்குப் போடுவேன் என்று மிரட்டவில்லை. நாயை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பாப்பா எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் போகும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். நம் அறுவைச் சிகிச்சைத் துறைக்குக் காரில் கூட்டிப்போனேன். பேராசிரியர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் உடைந்த குதிரைத் தாடைக்கு உலோகத் தகடு வைப்பதைப் பற்றிப் பேசினார். ஒருவர் ஓய்வறையில் டீ சொல்லட்டுமா என்றார். யாருக்கும் கை போகவில்லை. கடைசியில் வாயைச் சுற்றி ஒரு கட்டு மட்டும் போட்டு அனுப்பினார்கள்.

நீ அவளைக் கூப்பிட்டதை நான் சொல்லாமல் இல்லை. சொன்னேன். சாப்பிடும்போது, "உன் மாமா உனக்குப் பல் விளக்கச் சொல்லிக் குடுக்கப் போறாராம்" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அவளை ஒன்றும் சொல்லாதே.

மாப்பிள்ளை


நவம்பர் 3

மாப்பிள்ளை,

நாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பி போட்டுச் சேர்க்க அங்கே எலும்பு இல்லை. பொறுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அந்தப் பக்கத் தாடையில் ஒரு துண்டை எடுத்துவிட்டேன். பிழைத்துக்கொண்டது. நாக்கு ஒரு பக்கமாக வெளியே தொங்கும், எச்சில் வடியும். குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறது. அந்த அம்மா ஒரு துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

பாப்பா வந்த நாளைச் சொல்ல வேண்டும். நான்தான் அவளை மேஜைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். எக்ஸ்ரே படத்தை அவள் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எலும்பே இல்லையே மாமா."

"இல்லை."

"வெளியிலிருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியலை. பல் ஆடுச்சு. சரி, வந்துரும்னு நினைச்சேன். அப்புறம் ஒரு சத்தம். பென்சில் உடையிற மாதிரி."

விளக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். 

"இதை எந்த வருஷத்துல எடுத்தாங்க மாமா? நான் அன்னைக்கு லீவா? நோட்டு எல்லாம் தேடிப் பார்த்துட்டேன். நான் லீவே போட்டதில்லை."

"கிளாஸே இல்லைம்மா" என்றேன்.

அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அவள் முகம் இன்னும் சிறுத்துப்போனது. அந்த அம்மா அப்போது எங்களைப் பார்த்து, "எல்லா டாக்டரும் இப்படித்தானா, இல்ல எனக்கு மட்டும் இப்படி அமைஞ்சதா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கிளம்பும்போது பாப்பா நாயைத் தடவக் கையை நீட்டினாள். அது அந்த அம்மாவின் மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதற்கப்புறம் அவள் தன் கடையைத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மருந்துகளை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாளாமே.

நான் இப்போது உன்னிடம் சண்டைக்கு வரவில்லை. சம்பளம் வேண்டாம். பதவி வேண்டாம். அந்த அறையைக் கொடு. சாக்கில் கட்டிய கருவிகளை எடுத்துக் கொடு. ஒரு செமஸ்டர், வாரம் ஒரு நாள், உயிருள்ள மிருகங்களோடு நான் வகுப்பு எடுக்கிறேன். பாப்பா வந்து கடைசி பெஞ்சில் உட்காரட்டும். அவளை மறுபடி ஒரு வாயைத் திறக்க வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதற்கு மட்டும் சரி என்று சொல். மற்றதையெல்லாம் நான் விட்டுவிடுகிறேன். விட முயற்சி செய்கிறேன் என்று சொல்வதுதான் உண்மை.

மச்சான்


நவம்பர் 15

மச்சான்,

உன் கடிதத்தை உன் தங்கை நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு, "அண்ணன் மச்சான்னு போட்டிருக்காங்க பாருங்க" என்று கடைசி வரியை மறுபடி என்னிடம் காட்டினாள். எனக்குத் தெரியாதது போல.

எல்லாம் முடிந்துவிட்டது. கூட்டத்தில் வைத்தேன், ஒருத்தரும் மறுக்கவில்லை. விலங்குகளின் பல் மருத்துவம் தனிப் பாடமாகவே திரும்ப வந்துவிட்டது. நீ வருகைப் பேராசிரியர். தை பிறக்கட்டும் என்று காத்திருக்காமல் ஜனவரி தொடங்கியதுமே ஆரம்பிக்கலாம். பாப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டியே ரொம்ப நாளாகிறது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பிப்ரவரியில் கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக் குழு வருகிறது. வருபவர்கள் உட்கார இடம் வேண்டும், அதனால் ஓய்வறையை அதுவரை தொட முடியாது. நீ ஓய்வறையிலேயே வகுப்பை நடத்திக்கொள், சோபாவைச் சுவரோரமாகத் தள்ளச் சொல்லிவிட்டேன். கால அட்டவணையில் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. சனிக்கிழமை மத்தியானக் கடைசி மணிதான் கிடைத்தது. கருவிகளைத் தேடச் சொன்னேன், மாடிப்படிக்குக் கீழே பெயிண்ட் டப்பாக்கள்தான் இருக்கின்றனவாம். கவலைப்படாதே, புதிதாக மாதிரித் தாடைகள் வாங்க ஆர்டர் போட்டாயிற்று. கண்ணாடி அலமாரியில் அடுக்கினால் குழுவுக்கும் பளிச்சென்று தெரியும்.

மெதுவாக எல்லாம் சரியாகும். ஆரம்பித்துவிடு.

உன் மாப்பிள்ளை


ஜனவரி 20

மாப்பிள்ளை,

ஆரம்பித்தேன். எப்படி என்று கேள்.

சனிக்கிழமை மத்தியானக் கடைசி மணிக்குக் கல்லூரி பஸ்கள் கிளம்பிவிடும் என்பது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ முதல்வர். பஸ் நேரத்தில் உன் கையெழுத்துதான் இருக்கிறது. ஹாஸ்டல் பையன்கள் சிலர் வந்தார்கள். சோபாவில் உட்கார இடம் போதவில்லை, ஆகவே கைப்பிடிகளில் உட்கார்ந்தார்கள். பாப்பா கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும் மாமா" என்றாள்.

"சார், இது எக்ஸாம்ல வருமா?" என்றான் ஒருவன்.

"வராது."

"அப்ப அட்டெண்டன்ஸ் மட்டும்தானா சார்?"

"அதுவும் இல்லை. நான் எடுப்பதில்லை."

அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். மற்றவன் கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டான். "டேய், மழை விட்டதும் போவோம்" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. நான் காது கேளாதவன் இல்லை.

நாய் எங்கே என்று உன் உதவியாளரைக் கேட்டேன். உயிருள்ள விலங்கை வகுப்பில் பயன்படுத்த அனுமதி இன்னும் வரவில்லை என்றார். கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரும் நாய்களையாவது பார்க்கலாமே என்றேன். சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி மூடல். சரி, வாங்கிய மாதிரித் தாடைகளை எடுங்கள் என்றேன். கண்ணாடி அலமாரியைத் திறந்தார். பளபளவென்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே 'நாய்', 'நாய்', 'பூனை' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

ஒன்றைக் கையில் எடுத்து எண்ணினேன். முப்பத்திரண்டு பல். மனுஷத் தாடை. பல் டாக்டர் படிப்புக்கு விற்கும் பொம்மை. நாய்க்கு நாற்பத்திரண்டு என்று பரீட்சையில் எழுதித் தேறியவர்கள்தான் அதை ஆர்டர் செய்தார்கள், பெட்டியைப் பிரித்தார்கள், சீட்டு எழுதினார்கள், அலமாரியில் அடுக்கினார்கள். ஒருவரும் எண்ணவில்லை. நாயின் நீளமான கோரைப் பல் எங்கே என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதைப் பையன்களிடம் கொடுத்து, "இதில் என்ன தப்பு?" என்றேன். கை மாறி மாறிச் சுற்றிவந்தது. "சார், பல் ரொம்ப வெள்ளையா இருக்கு" என்றான் ஒருவன். சிரித்தார்கள். பாப்பா வாங்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகத்தில் பார்த்தேன். ஆனால் ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் திரும்ப வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டாள். மழை விட்டது. அவர்கள் போய்விட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அறை பூட்டியிருந்தது. காவலாளி, "ஆய்வுக் குழு வர்ற வரைக்கும் சோபா அழுக்காகக் கூடாதுன்னு உத்தரவு சார்" என்றார். அந்த உத்தரவு யாருடையது என்பதையும் நான் கேட்கவில்லை.

மச்சான்


பிப்ரவரி 2

மச்சான்,

மாதிரித் தாடை விஷயம் எனக்கே அவமானம். திருப்பி அனுப்ப நேரமில்லை. குழுவில் வருபவர்களும் எண்ணப்போவதில்லை.

இப்போது நான் கேட்கப்போவதைக் கோபப்படாமல் படி. இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இந்தச் செமஸ்டரில் பாடம் முழுவதையும் நீ நடத்தினாய், மாணவர்கள் உயிருள்ள விலங்குகளில் பயிற்சி பெற்றார்கள் என்று இருக்கும். கீழே உன் கையெழுத்து. அவ்வளவுதான். உதவி ஆசிரியர் என்ற இடத்தில் பாப்பா போட்டுவிட்டாள்.

நீ கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் இல்லாத பாடம் என்று குழு குறித்துவைக்கும். குறை சொல்லும் முன்னால் பாடத்தை நானே நீக்கிவிட வேண்டியிருக்கும். ஒரு மணி நேரமும் இருக்காது. நீ போட்டால் பெயராவது இருக்கும். பெயர் இருந்தால் நாளைக்கு நல்ல முதல்வர் ஒருவர் வருவார், நல்ல ஆசிரியன் ஒருவன் வருவான், உண்மையாகவே நடத்துவான். விதை மாதிரி இருக்கட்டுமே. இத்தனை வருஷம் நீ இந்தப் பாடத்துக்காகத்தானே என்னோடு பேசாமல் இருந்தாய். அதைக் காப்பாற்ற ஒரு கையெழுத்துதான் கேட்கிறேன்.

பாப்பாவுக்கும் இதனால் ஒரு வேலை ஆயிற்று. வீட்டில் முடங்கிக் கிடக்காமல் தினமும் கிளம்பிப் போகிறாள். அதை நினைத்துப் பார். நான் கெட்டவன் என்றே வைத்துக்கொள், அவளுக்காகப் போடு.

குழு பதினெட்டாம் தேதி வருகிறது.

மாப்பிள்ளை


பிப்ரவரி 12

மாப்பிள்ளை,

கோபப்படாமல்தான் படித்தேன். கோபம் வரவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

நேற்று பாப்பா வந்தாள். நீ அனுப்பினாயோ, அவளாக வந்தாளோ தெரியாது. மாடி ஏறி வந்து, வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசியாக ஒரு பூனை போகும்வரை காத்திருந்தாள்.

"நான் போட்டுட்டேன் மாமா" என்றாள்.

"தெரியும்."

"பேர் மட்டும்தான். கிளாஸ் எதுவும் எடுக்க வேணாம்னு அப்பா சொல்லிட்டார்."

"எடுக்கச் சொன்னா எடுப்பியா?"

"எனக்கு என்ன தெரியும், எடுக்கிறதுக்கு?"

"இங்க வா. சொல்லித் தர்றேன். அவசரம் ஒண்ணும் இல்ல, எத்தனை மாசம் ஆனாலும் சரி."

அவள் மேஜையைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். குறடுகளைக் கழுவி வரிசையாக வைத்திருந்தேன், அந்தப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"கத்துக்கிட்டு? அந்த சோபாவுக்குச் சொல்லிக் குடுக்கிறதா?" என்றாள். உடனே, "தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்றாள். "அந்தப் பொம்மையைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன ஆகும்? வேற பொம்மை வாங்குவாங்க. அவ்வளவுதான். எனக்கு இனிமே யார் வாயையும் திறந்து பார்க்க வேணாம். காலையில போறேன், சாயங்காலம் வர்றேன். அம்மா அழறதில்லை. இதுபோதும்."

"அந்த நாய்க்கார அம்மா வந்தாங்களா?" என்று கிளம்பும்போது கேட்டாள். வாரம் தவறாமல் வருகிறார் என்றேன். நாக்கு இன்னும் தொங்குகிறதா என்றாள். ஆமாம், அது அப்படித்தான் இருக்கும் என்றேன். படியிறங்கும் சத்தம் கேட்டது. டயர் கடைக்காரர் "என்ன டாக்டரம்மா, மாமாகிட்டப் பல் காட்ட வந்தீங்களா?" என்றார். அவளும் ஏதோ சொல்லிச் சிரித்தாள். சிரிக்க வருகிறது அவளுக்கு. நான்தான் மாடியில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் போட்டால் பாடம் பெயரளவில் இருக்கும் என்கிறாய். நானும் ஒரு இரவு முழுக்க அப்படி நினைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பேனாவைக்கூடத் திறந்தேன். ஆனால் இல்லாத பாடத்தை என்றாவது ஒருவன் ஏன் இல்லை என்று கேட்பான். இருக்கிறதாக எழுதிவைத்த பாடத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த பாப்பா கல்லூரிப் பதிவேட்டைப் புரட்டுவாள், அதில் இருக்கும், பயிற்சி பெற்றார்கள் என்று இருக்கும், என் கையெழுத்தும் இருக்கும். குறடைக் கையில் எடுத்த பிறகுதான் அவளுக்குத் தெரியவரும். அப்போது அந்தச் சத்தத்துக்கு நானும் பொறுப்பு.

ஆகவே பாடத்தை நீக்கிவிடு. அந்த ஒரு மணி நேரத்தையும் நீக்கிவிடு. இதை எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாயிற்று என்பது உனக்குப் புரியும், உனக்கு மட்டும்தான் புரியும். இந்தப் பாடத்தை ஒழித்தவன் நீ என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வெட்டை நானே வெட்டும்படி ஆகிவிட்டது. அதற்காகவும் உன்னை மன்னிக்க மாட்டேன். பாப்பாவின் வேலை போய்விடும் என்று சொல்வாய். பாடம் போனாலும் அவளுக்கு வேறொரு நாற்காலியை நீ போட்டுவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளும் உட்கார்ந்துவிடுவாள்.

தங்கையிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்லிக்கொள்.

படிவத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். பாப்பா கையெழுத்துக்கு மேலே என் இடம் வெறுமையாகவே இருக்கிறது. இந்தக் கடிதத்துக்குக் கீழேயும் என்ன போடுவது என்று கொஞ்ச நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆசிரியன் என்று போட எனக்கு வகுப்பு இல்லை. மச்சான் என்று போட்டால், மச்சானாக இருந்தால் படிவத்திலும் போட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய், நீ கேட்பதும் நியாயம்தான். எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே உறையில் வைத்து ஒட்டிவிட்டு, கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.